மாப்பிள்ளைக்குக் கண்ணு சரியில்ல

அந்த ஃபேனை யாராவது நிறுத்தித் தொலைத்தால் தேவலை. யார் நிறுத்துவார்கள்? மாமியார் சாவித்திரிதான் போகிற போக்கில் ரெகுலேட்டரைக் கடைசிவரை திருகி, "நல்லாக் காத்து வாங்குங்க மாப்ள, வெயில்ல வந்திருக்கீங்க" என்று உபசாரம் பண்ணிவிட்டு அடுப்படிக்குப் போயிருக்கிறார். மாப்பிள்ளை மரியாதை என்றால் சும்மாவா. நவநீதன் சோபாவின் இந்த ஓரத்துக்கு வந்து பார்த்தான், அந்த ஓரத்துக்குப் போய்ப் பார்த்தான், ம்ஹும், அந்தச் சனியன் எங்கே உட்கார்ந்தாலும் முகத்தைத் தேடி வந்து அடிக்கிறது. கறுப்புக் கண்ணாடிக்கு மேலே, கீழே, பக்கவாட்டில் என்று காற்று புகுந்து புறப்படுகிறது. இமையைத் திறந்தால் எரிகிறது, மூடினால் உறுத்துகிறது, இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருந்தால் அங்கே போய்ப் படுத்துக்கொள்ளலாம், அப்படி ஓர் இடம் கிடையாது. மண்ணை அள்ளிப் போட்டுத் தேய்த்துவிட்ட மாதிரி இருக்கிறது என்று கோயமுத்தூரில் டாக்டரிடம் முதல் தடவை சொன்னபோது, "எல்லாரும் இதையேதான் சொல்றாங்க" என்று அவர் சிரித்தார். எல்லாரும் என்றால் யார் யார்? அந்த எல்லாருக்கும் பிள்ளை பிறந்திருக்கிறதா? அவர்களையும் இப்படிக் கூடத்தில் உட்கார்த்தி வைத்து, மூடின கதவுக்குப் பின்னால் பிள்ளையை வைத்துக்கொண்டு, காத்து வாங்குங்க என்று சொன்னார்களா? உள்ளே பாப்பா தும்மினாள். தும்மலா, விக்கலா? சின்னச் சத்தம். நவநீதன் எழுந்து நின்றுவிட்டான். எதற்கு எழுந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள். மறுபடி உட்கார்ந்தான். ஃபேனை நிறுத்தலாம், எழுந்தது எழுந்தோம் என்று நிறுத்தியிருக்கலாம், ஆனால் நிறுத்தினால் அடுப்படியிலிருந்து கேட்பார், "கரண்டு போயிருச்சுங்களா மாப்ள?" இல்லீங்க அத்தை, எனக்குக் காத்து ஆகாது. ஏனுங்க ஆகாது? அங்கே ஆரம்பித்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும்.

காலையில் அந்தியூர் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னாலேயே இடம் கிடைத்தது, அது முதல் தப்பு. ஜன்னல் மூடவில்லை, அது இரண்டாவது. வந்து இறங்கி, வாசல் குழாயில் முகம் கழுவும்போது கண்ணாடியைக் கழற்றி வைத்தான் பார், அதுதான் எல்லாவற்றுக்கும் மேலான தப்பு. துண்டு எடுத்துக்கொண்டு வந்த சாவித்திரி அவன் முகத்தைப் பார்த்தார், அடுத்த நொடி முந்தானையை இழுத்துத் தன் கண்ணை மூடிக்கொண்டார். "ஐயோ, மெட்ராஸ் ஐங்களா மாப்ள? பாக்காதீங்க, என்னையப் பாக்காதீங்க, சித்த அக்கட்டால திரும்பிக்கங்க." பார்த்தாலே ஒட்டிக்கொள்ளுமாம். பார்வையில் பறந்துபோய் ஒட்டிக்கொள்ள இது என்ன கொசுவா? அவன் சொன்னானா? ஒரு வார்த்தை சொன்னானா? முகத்தில் சொட்டும் தண்ணியோடு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு நின்றான், திருடன் மாதிரி. முதுகுக்குப் பின்னால் அந்த அம்மாள் நயமாகத்தான் பேசினார், குறை சொல்லக் கூடாது. "கோவிச்சுக்காதீங்க மாப்ள. பச்சை உடம்புக்காரி, பச்சைக் கொழந்தை. நாலு நாள்ல கண்ணு சரியாயிரும். அப்பறமா வந்து மடியிலயே வெச்சுக்கங்க, ஆரு வேண்டாங்கறா." அதற்கு அவன் சொன்ன பதில், "சரிங்க அத்தை." சரிங்க அத்தையாம்! எது சரி? கோயமுத்தூரிலிருந்து இத்தனை தூரம் எதற்கு வந்தான்? பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோதும் இதே கதிதான். இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்த கண். நர்ஸம்மா கதவோரம் ஒரு துணிச்சுருளைத் தூக்கிக் காட்டினார், "பொண்ணுங்க." சிவப்பாக, மங்கலாக, என்னவோ ஒன்று தெரிந்தது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்ப்பதற்குள் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். மூக்கு உங்க மூக்கு என்று பெண்டாட்டி மைதிலி போனில் படம் அனுப்பினாள். படத்தை எவன் நம்புவான்? அவன் பிழைப்பே படம்தானே.

முகூர்த்த மாசம் வந்துவிட்டால் ஸ்டூடியோவில் அவனுக்கு நாற்காலியை விட்டு எழ நேரம் கிடையாது. ஏசி நேராகத் தலைக்கு மேலே. எதிரே பெரிய திரை. கல்யாண ஆல்பத்துக்குப் படங்களைத் தேர்ந்தெடுத்து, அடுக்கி, பூசி மெழுகிக் கொடுக்க வேண்டும். முக்கியமாகக் கண். மாப்பிள்ளை பொண்ணு இருவருக்கும் விடியற்காலை முகூர்த்தம், தூக்கமில்லை, ஓமப் புகை வேறு, எல்லாருக்கும் கண் ரத்தமாகத்தான் இருக்கும். அதை ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளையடிப்பான். ஊரிலுள்ள சம்பந்தி வீடுகளில் பாதிப் பேருக்கு அவன் வெளுத்துக் கொடுத்த கண். அவன் கல்யாண ஆல்பத்தையும் அவனேதான் செய்தான், வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. மணமேடையில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும் நவநீதனுக்குப் பால் மாதிரி கண். அந்த ஆல்பம் இதோ டிவிக்குக் கீழே கண்ணாடி அலமாரியில் இருக்கிறது, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார்கள். மைதிலிக்குக் கல்யாணமான வாரத்திலேயே தெரிந்துபோயிற்று. ராத்திரி களிம்பு போட்டுக்கொண்டு படுத்தவன் காலையில் இமை ஒட்டிக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தால் தெரியாமல் என்ன. கோபித்துக்கொள்வாள், பெட்டியைக் கட்டுவாள் என்று பயந்தான். அவள் போய் இட்லித் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து கொண்டுவந்தாள். ஒத்தடம் கொடுத்துக்கொண்டே சொன்னாள், "எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. கண்ணுன்னா எங்கூட்ல ஆகாது." அவள் பெரியப்பாவுக்கு வயதுகாலத்துக்கு முன்னாலேயே பார்வை போய்விட்டதாம், பெரியம்மாதான் சாகிறவரைக்கும் அவரைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு திரிந்தாராம். "நம்ம பொண்ணுக்கு இந்தப் பாடு வரக் கூடாதுன்னு எங்கப்பா வரன் பாக்கறப்பல்லாம் சொல்லுவாரு." சரி, சொல்லவில்லை. இவனுடைய கண் அந்தக் கண் இல்லை, இது வேறு, இதில் பார்வை போகாது என்று மைதிலியிடம் அன்றைக்கே சத்தியம் பண்ணினான். போகாதா? புண்ணாகிவிட்டால் போகலாம் என்று டாக்டர் ஒரு நாள் சொன்னாரே? அதை அவளிடம் சொன்னானா? சொல்லவில்லை. ஒன்றை மறைக்க ஆரம்பித்தால் அப்புறம் அதற்கு முடிவு எங்கே.

பாப்பா அழ ஆரம்பித்தாள். மைதிலி என்னவோ சொல்லிச் சமாதானப்படுத்துகிறாள், குரல் மட்டும் கேட்கிறது, வார்த்தை புரியவில்லை. போன் அதிர்ந்தது. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள்தான் அனுப்பியிருந்தாள். "கொஞ்சம் பொறுங்க. அம்மாகிட்டப் பேசிப் பாக்கறேன்." பேசி? என்னவென்று பேசுவாள்? அங்கேதானே முடிச்சு. நாலு நாளில் சரியாகிற கண் என்றால் பிள்ளையைத் தொட முடியாது. சரியே ஆகாத கண் என்றால் தாராளமாகத் தொடலாம். இப்படி ஒரு கணக்கு எவனுக்காவது வாய்த்திருக்குமா? இது ஒட்டாதுங்க அத்தை, எனக்கு மட்டுந்தான், ஆயுசுக்கும் இருக்கும். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொன்னால் இன்றைக்கே மடியில் பிள்ளை. நாளைக்கு? மாமா காட்டு வேலை முடிந்து வருவார், விஷயம் காதில் விழும், சட்டையைக் கூடக் கழற்றாமல் இந்த சோபாவில் இடிந்து உட்கார்ந்துவிடுவார். சொல்ல வேண்டாம். பஸ்ஸைப் பிடித்துப் போய்விடலாம், ஆல்பம் ஒன்று நாளைக்குக் கொடுத்தாக வேண்டும், ஓனர் இப்போதே இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். அடுத்த வாரம் வரலாம். அடுத்த வாரம் மட்டும் கண் வெளுத்துவிடுமா? எப்போதாவது வெளுத்திருக்கிறதா? சட்டைப்பையிலிருந்து சொட்டு மருந்தை எடுத்து, அண்ணாந்து, இரண்டு கண்ணிலும் விட்டுக்கொண்டான். ஆஹா. குளுகுளுவென்று உலகம் திரும்பி வந்தது. டிவி தெரிந்தது, காலண்டரில் முருகன் தெரிந்தார், மூடின கதவின் தாழ்ப்பாள்கூடத் தெரிந்தது. ஃபேன் காற்றில் அந்த ஆஹா எத்தனை நேரம் நிற்கும்? அதற்குள்ளேயே போய்விட்டது.

அவன் என்னதான் செய்யவில்லை. ஜெல் போட்டான், மாத்திரை விழுங்கினான், மீன் எண்ணெய் உருண்டையை முழுங்கிவிட்டு நாளெல்லாம் மீன் ஏப்பம் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குழந்தைகள் ஷாம்புவைத் தண்ணியில் கரைத்து இமையோரம் துடைக்கச் சொன்னார்கள், மருந்துக்கடைப் பையன் "பாப்பாவுக்கு எத்தனை மாசம் சார்?" என்றான், அப்போது பாப்பாவும் இல்லை ஒன்றும் இல்லை, "ஆறு மாசம்" என்று சொல்லிவிட்டு வந்தான். கண்ணீர் மூக்குக்குள் வடிகிற ஓட்டையில் கடுகளவு அடைப்பான் வைத்தார்கள், இருக்கிற கொஞ்சமும் வடியாமல் நிற்கட்டும் என்று. கொஞ்ச நாள் நின்றது, அப்புறம் அதுவும் பழகிப்போயிற்று. ஒரு தடவை இரண்டு கண்ணிலும் காகிதக் கீற்றைச் சொருகி உட்கார வைத்தார்கள். கண்ணீர் ஊறி அது நனைய வேண்டும், எவ்வளவு தூரம் நனைகிறதோ அதுதான் மார்க். இமையில் காகிதம் தொங்க, பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி அவன் நெஞ்சு அடித்துக்கொள்ள உட்கார்ந்திருந்தான். செத்துப்போன அப்பாவை நினைத்துப் பார்த்தான், அப்போதாவது ஊறட்டும் என்று. டாக்டர் கீற்றை எடுத்து விளக்கில் பார்த்தார். ஓரத்தில் மட்டும் ஈரம். "சரியாகுமா டாக்டர்?" "கன்ட்ரோல்ல வெச்சுக்கலாம் தம்பி." அவ்வளவுதான். இன்னொன்று கேட்க வேண்டும் என்று அன்றைக்கே நாக்கு நுனியில் இருந்தது, கேட்கவில்லை. மைதிலி உண்டான பிறகு ஒவ்வொரு தடவை போகும்போதும் கேட்க நினைத்தான். இது பிள்ளைக்கும் வருமா? போனில் அதையே எழுதி, தேடுகிற பொத்தானை அமுக்காமல் அழித்தான். ஒரு தடவையா இரண்டு தடவையா. வரும் என்று இருந்துவிட்டால்? தெரியாமல் இருப்பதில் ஒரு ஆறுதல் இருந்தது, கேடுகெட்ட ஆறுதல். தன் அம்மா எப்போதும் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. அடுப்புப் புகை என்றுதானே எல்லாரும் நினைத்தோம்? கேஸ் அடுப்பு வந்த பிறகும் கசக்கினாளே? ஐயோ. அப்படியானால் அவளிடமிருந்து இவனுக்கு. இவனிடமிருந்து அந்தத் துணிச்சுருளுக்கு. வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே, காலண்டரைப் பார், முருகனைப் பார். முருகன் மங்கலாகிவிட்டார்.

"மாப்ள, இந்தாங்க." சாவித்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டி, டீப்பாயின் ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளி டம்ளரை வைத்தார். அடியில் கொஞ்சமாகப் பால். "தாய்ப்பாலுங்க. மைதிலிகிட்ட வாங்கியாந்தேன். ரெண்டு கண்ணுலயும் ரெண்டு சொட்டு ஊத்திக்கங்க, செவப்பு நிமிசத்துல எறங்கிரும். எங்கூட்ல எல்லாருக்கும் அதான்." சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார், அவருக்கே கூச்சமாக இருந்திருக்கும். நவநீதன் டம்ளரைக் கையில் எடுத்தான். சூடு இன்னும் இருந்தது. பிள்ளையைத் தர மாட்டேன் என்கிறார்கள், பிள்ளையின் பாலைத் தருகிறார்கள். சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா? எழுதிக் கொடுத்ததைத் தவிர வேறு எதையும் கண்ணில் விடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். விட முடியாது. விடாமல் வைத்தால் கேட்பார்கள். கொட்டலாம் என்றால் எங்கே கொட்டுவது? தாய்ப்பாலைக் கால் படும் இடத்தில் கொட்டக் கூடாது, எறும்பு மொய்த்தால் பால் வற்றிவிடும் என்று அவன் அம்மா அக்காவிடம் சொல்லிக் கேட்டிருக்கிறான். அதெல்லாம் பேச்சு. பேச்சுத்தான், ஆனாலும் வற்றிவிட்டால்? தன் கண் வற்றியதற்கே காரணம் தெரியவில்லை, இதற்கு வேறு அவன் காரணமாக வேண்டுமா? கையில் டம்ளரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே அழுகிற பிள்ளையின் பங்கு இது, அவளுக்குப் போதாமல் அழுகிறாளோ என்னவோ, நான் இங்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கடைசியில் ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, கறிவேப்பிலைச் செடியின் தூரில், யார் காலும் படாது என்று நன்றாகப் பார்த்துவிட்டு ஊற்றினான். "ஊத்திட்டீங்களா மாப்ள?" "ஊத்திட்டேங்க அத்தை. குளுகுளுன்னு இருக்குதுங்க." இன்னும் ஒரு பொய். பொய் சொல்லிச் சொல்லி வாய்தான் வறண்டுபோயிருந்தது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பையை எடுத்துத் தோளில் மாட்டியதும் கதவு திறந்தது. மைதிலி என்ன பேசினாளோ, சாவித்திரி பாப்பாவைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு நிலைப்படிக்கு உள்ளேயே நின்றார். "ஊருக்குக் கெளம்பறீங்க, ஒருக்காப் பாத்துட்டுப் போங்க. அங்கயே நின்னு பாருங்க மாப்ள. கிட்ட வந்தராதீங்க." அவருக்குப் பின்னால் மைதிலி, தலையில் துணி கட்டிக்கொண்டு, முகம் வெளுத்து, அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். நவநீதன் கண்ணாடியைக் கழற்றினான். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும், ஒட்டினால் ஒட்டிவிட்டுப் போகட்டும், கறுப்பாக என் பிள்ளையைப் பார்க்க மாட்டேன். வாசல் வெளிச்சம் நேராகப் பாப்பாவின் முகத்தில் விழுந்தது. பொறுக்கவில்லை அவளுக்கு. முகத்தைச் சுருக்கி, வாயை அகலத் திறந்து, உடம்பே சிவக்க அழுதாள். என்ன அழுகை! அத்தனை சின்ன உடம்புக்குள் அத்தனை சத்தம். கண்ணை இறுக்கி மூடுகிறாள், திறக்கிறாள், மறுபடி வீறிடுகிறாள். நவநீதனுக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கன்னம் காய்ந்திருந்தது. கண்ணோரம் காய்ந்திருந்தது. அவள் அழுகிறாள், அழுகிறாள், ஒரு சொட்டு இல்லை. சரியாகத் தெரியவில்லையோ, கண் மங்கலோ? கிட்டப் போனான். "மாப்ள, மாப்ள, வேண்டாமுங்க" என்று சாவித்திரி பின்னால் நகர்ந்தார். அவன் நிலைப்படியைத் தாண்டிவிட்டான். ஒரு சாண் தூரத்தில் பார்த்தான். இல்லை. ஈரமே இல்லை.

"ஐயோ அத்தை, தண்ணியே வரலீங்க! பாப்பா கண்ணுல தண்ணியே வரலீங்க!" யாருடைய குரல் அது, அவனுடையதா? "என் கண்ணு அவளுக்கும் வந்திருச்சுங்க. எனக்கு இருக்கறது மெட்ராஸ் ஐ இல்லீங்க அத்தை, இது ஒட்டற கண்ணில்லீங்க. எனக்குக் கண்ணீரே ஊறாதுங்க, வருசக்கணக்கா இருக்குது, கல்யாணத்துக்கு முன்னாடியே இருக்குது, சரியாவாதுங்க. உங்ககிட்ட சொல்லலீங்க. இப்ப பாப்பாவுக்கும் குடுத்துட்டேங்க. என்னங்க அத்தை பண்றது? எந்த டாக்டர்கிட்டப் போறது? இத்தனூண்டு கண்ணுல எப்புடீங்க மருந்து ஊத்தறது?" நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சத்தம் போட்டு அழுதான், அழும்போது எரியும் என்று தெரிந்தும் அழுதான், எரிந்தது.

சாவித்திரி பாப்பாவின் முகத்தைப் பார்த்தார், கீழே உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தார். முதலில் அவருக்கு வந்தது சிரிப்புதான்.

"அட என்னங்க மாப்ள நீங்க! பொறந்த கொழந்தைக்கு எங்கீங்க கண்ணீரு வரும்? சத்தம் மட்டுந்தான் வரும். ஒரு மாசம் ஆகோணும், சிலதுக்கு ரெண்டும் ஆகும். இந்தா நிக்கறாளே இவளுக்கும் அப்படித்தான். எந்தக் கொழந்தைக்கும் அப்படித்தானுங்க."

"நெசமாவா அத்தை?"

"நாலு பெத்தவ சொல்றேன்."

அப்புறம்தான் அவன் சொன்ன மற்றதெல்லாம் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். சிரிப்பு முகத்திலிருந்து மெல்லப் போயிற்று. பின்னால் திரும்பாமலே கேட்டார். "உனக்குத் தெரியுமா மைதிலி?"

"தெரியும்மா."

"இத்தன நாளும் தெரியுமா?"

பாப்பா ஓய்ந்து ஓய்ந்து அழுதுகொண்டிருந்தாள். இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று நவநீதன் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தான். ஏமாத்திட்டீங்களே மாப்ள. எம் புள்ளை வாழ்க்கையில மண்ணப் போட்டுட்டீங்களே. என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான், நியாயம்தான். ஆனால் அந்த அம்மாள் அவன் முகத்தையே பார்த்தார், காலையிலிருந்து முதல் தடவையாக, கண்ணுக்கு நேராக.

"எரியுதுங்களா மாப்ள?"

"ஆமாங்க அத்தை."

"எப்பவுமா?"

"எப்பவும்ங்க."

பெருமூச்சு விட்டார். கூடத்துப் பக்கம் எட்டி, கை நீட்டி, ஃபேனை நிறுத்தினார். "உங்க மாமாகிட்ட நான் சொல்லிக்கறேன். இன்னிக்கு வேண்டாம். அவரு கொஞ்ச நாளைக்கு மொகத்தைத் தூக்கி வெச்சுக்குவாரு, பொறுத்துக்கங்க. எனக்கும் மனசு ஆறலைதான். போங்க, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க."

கழுவிவிட்டு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மடியில் வைத்தார்கள். பஸ் இந்நேரம் போயிருக்கும், ஓனர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், போன் சோபாவில் அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. பாப்பா அழுகையை நிறுத்திவிட்டு அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கு யாருடையது என்று பார்க்க வேண்டும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான், மூக்கைப் பார்க்கவே தோன்றவில்லை. "அத்தை" என்று கூப்பிட்டான். "ஒரு மாசமோ ரெண்டு மாசமோ, அவ அழுவறப்போ என்னைக்காச்சும் கண்ணுல தண்ணி வந்துச்சுன்னா, மொத மொத வந்துச்சுன்னா, எனக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லுங்க. என்ன நேரமானாலும் சொல்லுங்க."

பெத்த பிள்ளை கண்ணீர் விட்டால் சொல்லுங்கள் என்று கேட்கிற அப்பனை சாவித்திரி அதுவரைக்கும் கண்டதில்லை. முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"சொல்றேனுங்க மாப்ள. மொதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவேன்."